சிம் இல்லாத போனுக்குள் சில பெண்கள்

மார்ச் 4

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். இங்கே என் முட்டியைத் தவிர மற்ற எல்லோரும் சௌக்கியம்.

முதலில் நல்ல சேதிகள். மூத்தவன் வீட்டுப் பையன், நம் பெரியவன், கணக்குப் போட்டியில் ஊருக்கே இரண்டாவதாக வந்திருக்கிறான். முதலாவதாக வந்த பிள்ளையின் அப்பா கணக்கு வாத்தியாராம். அப்படிப் பார்த்தால் நம்முடையவன்தான் முதல். என் மகள் வீட்டு மீன்குட்டி நீச்சலில் இன்னொரு பதக்கம் வாங்கிவிட்டாள். கழுத்து வளைந்துபோகாமல் இருந்தால் சரி. அவள் தம்பி குட்டையன் கையை விட்டுவிட்டு சைக்கிள் ஓட்டுகிறான். பள்ளிக்கூடத்தில் இதற்குப் பரிசு கிடையாது என்றாலும், எல்லாப் பிள்ளைகளாலும் முடிகிற காரியமா இது.

உன் வீட்டுக்காரனைப் பற்றிச் சொல்லப் புதிதாக ஒன்றுமில்லை. லிப்ட் பழுது பார்க்கிறவன் நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போய்வருகிறான். வீட்டுக்கு வந்தால் ஒரு வார்த்தை மேலே ஏறுவதில்லை, கீழே இறங்குவதில்லை. நீ இருந்தாலாவது உனக்குப் பதில் சொல்ல வாயைத் திறப்பான்.

நீ விட்டுப்போன பழைய போனில்தான் பிள்ளைகளின் படங்களைத் தினமும் பார்க்கிறேன். சிம் இல்லாவிட்டால் என்ன, நான் பேசவா போகிறேன். போனில் யார் பேசினாலும் என் காதுக்கு ஈ பறக்கிற மாதிரிதான் கேட்கிறது. கடிதத்தில் ஈ பறப்பதில்லை.

போன வாரம் மீன்குட்டியைத் தேடும்போது விரல் வழுக்கி வேறெதையோ தொட்டுவிட்டேன். திரை கருநீலமாகி, நட்சத்திரங்கள் மின்னி, ஒரு சீட்டுக்கட்டு வந்து நின்றது. தொட்டேன். ஒரு சீட்டு தூக்கத்தில் புரண்டு படுக்கிற மாதிரி மெதுவாகத் திரும்பியது. கண்ணைக் கட்டிக்கொண்டு, கையில் இரண்டு வாளோடு, கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். மேலே இங்கிலீஷில் நீளமாக ஏதோ. கீழே தமிழில் ஒரே ஒரு வரி. மேலே உள்ளதைத்தான் என்னைப் போன்றவர்களுக்காகச் சுருக்கித் தமிழில் போட்டிருக்கிறார்கள், நல்ல மனிதர்கள். என்ன போட்டிருந்தது தெரியுமா?

'இந்த வீட்டில் எனக்கென்று ஒரு நாற்காலி இல்லை.'

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மேஜையைச் சுற்றி மூன்று நாற்காலி இருக்கிறதே என்று திரும்பிப் பார்த்தேன். மூன்றாவதில்தான் பிள்ளைகளின் பரிசுக் கோப்பைகளை அடுக்கியிருக்கிறோம். அவள் சொல்வதும் நியாயம்தான். கோப்பைகளைத் தூக்கி பீரோ மேல் வைத்து, நாற்காலியைத் துடைத்து, போனை அதில் சாய்த்து வைத்தேன். உட்காரும்மா என்றேன். கண்ணைக் கட்டியிருக்கிறாளே, எங்கே என்று தெரிய வேண்டாமா, அதனால் இரண்டு முறை தட்டியும் காட்டினேன்.

என் மகன் வந்து பார்த்தான். "யாருக்கும்மா நாற்காலி?" என்றான்.

"வந்திருக்கிறவங்களுக்கு."

அவன் நின்றுகொண்டே டீ குடித்துவிட்டுப் போய்விட்டான்.

உன் ஆறு மாத வேலையில் மூன்று போய்விட்டது. மீதியும் போய்விடும். கண்ணாடிப் பட்டறையில் கையை வெட்டிக்கொள்ளாதே.

உன் அத்தை

*

மார்ச் 13

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. பிள்ளைகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

நான் நலம். என் அறை ஒரு சலவைக்கடைக்கு மேலே இருக்கிறது. காலையில் கீழே இயந்திரங்களைப் போட்டதும் தரைப்பலகை இடுக்குகளில் ஆவி ஏறிவரும். சற்று நேரத்தில் கட்டில் கால்கள் மறைந்து, கட்டில் மட்டும் மிதக்கிற மாதிரி இருக்கும். வேலைக்குப் போவதற்குள் ஆவி கலைந்துவிடும். பட்டறையில் மூக்குக் கண்ணாடி வில்லைகளைத் தேய்க்கிற சக்கரம் ஒன்று என் பொறுப்பில். நாளொன்றுக்கு நாற்பது ஜோடி. கையை வெட்டாது, பயப்படாதீர்கள். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

அத்தை, அந்தச் சீட்டு ஒரு விளையாட்டு. டாரட் என்பார்கள், படச்சீட்டு எடுத்துக் குறி பார்ப்பது. நான்தான் எப்போதோ போனில் ஏற்றினேன், எடுக்க மறந்துவிட்டேன். இனி அதைத் திறக்க வேண்டாம். அதன் படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் மூலையில் ஒரு பெருக்கல் குறி வரும். அதைத் தொட்டால் போய்விடும். உடனே செய்துவிடுங்கள். உங்கள் கண்ணுக்கும் நல்லதில்லை.

வேலை ஆறு மாதத்தைத் தாண்டலாம். அப்புறம் எழுதுகிறேன்.

அன்புடன்,
மருமகள்

பி.கு.: நாற்காலியை எந்தப் பக்கம் போட்டிருக்கிறீர்கள்?

*

மார்ச் 24

அன்புள்ள மருமகளுக்கு,

ஜன்னல் பக்கம்தான் போட்டிருக்கிறேன். மதியம் வெயில் அங்கேதான் விழுகிறது.

நீ சொன்னபடியே விரலை அழுத்திப் பிடித்தேன். எல்லாப் படங்களும் குளிரில் மாட்டிக்கொண்ட பூனைக்குட்டிகள் மாதிரி நடுநடுங்கின. எனக்கு மனசு வரவில்லை. இந்த வயதில் யாரையும் வீட்டை விட்டுத் துரத்துவானேன் என்று விரலை எடுத்துவிட்டேன். நீ கோபித்துக்கொள்ளாதே. ஒரு நாளைக்கு ஒரு சீட்டுதான் எடுக்கிறேன், மதியம் வேலை ஒழிந்ததும். அந்த நேரத்தில் வீடே தண்ணீருக்கடியில் இருக்கிற மாதிரி அமைதியாக இருக்கும்.

இவர்களோடு பழகினால்தான் இவர்கள் படுகிற பாடு தெரிகிறது. ஒரு ராணி வந்தாள். மடியில் பொன்தட்டு, காலடியில் முயல், தலைக்கு மேல் பூப்பந்தல். என்ன குறை அவளுக்கு என்று நினைத்தேன். கீழே பார்த்தால், 'சாப்பிட்டாயா என்று இன்றும் யாரும் கேட்கவில்லை' என்று போட்டிருக்கிறது. பூப்பந்தல் எதற்கு, வயிறு காய்ந்தால். அன்றிலிருந்து ராணியைக் கேட்காமல் நான் தட்டில் கை வைப்பதில்லை. எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க, போனுக்கு ஊட்டி விடுறீங்களாக்கும்?"

"கேட்டுட்டுத்தானே இருக்கேன், ஊட்டலையே."

"அது என்ன சொல்லுது?"

"நீங்க நாள் பூரா ஊரார் வாய்க்குள்ள பாக்கறீங்களே, உங்ககிட்ட என்ன சொல்லுது?" என்றேன். ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

இன்னொருத்தி இருக்கிறாள், நட்சத்திரத்துக்குக் கீழே இரண்டு குடத்திலிருந்தும் தண்ணீர் ஊற்றுகிறாள். மேலே ஒரு துணி கிடையாது. அவள் வெட்கப்படவில்லை, நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்புறம் விரலிடுக்கில் படித்தேன். 'இன்று மழையில் மொட்டைமாடியில் நின்றேன். கொஞ்ச நேரம் நான் யாருடையவளும் இல்லை.' வியாழக்கிழமை மழை பிடித்துக்கொண்டதும் முட்டியைக் கெஞ்சிக் கெஞ்சி மாடிக்குக் கூட்டிப் போனேன். இத்தனை வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன், துணி எடுக்க ஓடியிருக்கிறேனே தவிர, நின்றதில்லை. ஊரே வெள்ளையாகக் கரைந்துபோயிருந்தது. யாரோ பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் தண்ணீர்த்தொட்டி. தலை துவட்டிக்கொண்டு கீழே வந்தேன், ஒரு தும்மல்கூட வரவில்லை.

நேற்று நேராகவே கேட்டுவிட்டேன். என் மருமகள் எப்போது வருவாள் என்று கேட்டுவிட்டுத் தொட்டேன். சிவப்புப் போர்வை போர்த்திக்கொண்டு, எட்டுக் கோப்பைகளை அடுக்கி வைத்துவிட்டு, கம்பை ஊன்றி மலைப்பக்கம் நடந்து போகிற ஒருவர். முகம் தெரியவில்லை. கீழே, 'கதவைச் சத்தமில்லாமல் சாத்த வேண்டும்' என்று இருந்தது. வாசல் கதவு கிறீச்சிடுவது அவர்களையும் எழுப்பிவிடுகிறது போல. கீலுக்கு எண்ணெய் போட்டாயிற்று. இப்போது யார் வந்தாலும் போனாலும் தெரிவதில்லை. ஆனால் நான் கேட்டது கதவைப் பற்றி இல்லையே. மறுபடி கேட்க வேண்டும்.

வேலை நீளலாம் என்று எழுதியிருக்கிறாய். எவ்வளவு நீளம் என்று எழுதவில்லை. நான் உன்னை எதிர்பார்த்துக்கொண்டு இருக்கிறேன் என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

மீன்குட்டியை மாநிலப் போட்டிக்குத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

உன் அத்தை

*

ஏப்ரல் 5

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் மழையில் நின்றதைப் படித்துவிட்டு, கடிதத்தை மடித்து மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். இரண்டு மூன்று முறை எடுத்துப் படித்தேன். பக்கத்துச் சக்கரத்தில் வேலை செய்கிற பெரியவர், "காதல் கடிதமா?" என்றார். "என் மாமியார்" என்றேன். அவர் நம்பவில்லை.

முந்தாநாள் ஒரு கனவு. இந்த அறையில் ஆவி ஏறி வருகிறது. நீங்கள் அதற்குள்ளிருந்து ஒரு தட்டோடு வருகிறீர்கள். யாருக்கு என்று கேட்கிறேன். ராணிக்கு என்கிறீர்கள். நான் கையை நீட்டுவதற்குள் விழிப்பு வந்துவிட்டது. விழித்த பிறகும் பசித்தது. எழுந்து ரொட்டி தின்றேன்.

அவர்களை வைத்துக்கொள்வதென்றால் வைத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து நான் என்ன செய்ய முடியும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கறுப்புப் போர்வையோடு ஒருவர் தலையைக் குனிந்து நிற்கிற சீட்டு ஒன்று உண்டு. ஐந்து கோப்பைகள் இருக்கும், மூன்று கவிழ்ந்து கிடக்கும். அது வந்தால் கீழே உள்ளதைப் படிக்காதீர்கள். திருப்பிவிடுங்கள். இதைக் கேட்பதற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை.

ராணி இப்போது என்ன சொல்கிறாள்?

அன்புடன்,
மருமகள்

*

ஏப்ரல் 19

மருமகளுக்கு,

படிக்காதே என்றால் படிக்காமல் இருக்க நான் என்ன பெரிய ஞானியா. மூன்று நாள் அந்தச் சீட்டு வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேதான் தொட்டேன். நாலாம் நாள் வந்துவிட்டது. திருப்பத்தான் போனேன். அதற்குள் கண் படித்துவிட்டது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இதை மட்டும் எப்படி அத்தனை வேகமாகப் படித்தேனோ.

'மூன்று மாதம். இன்று காலையோடு இல்லை. எல்லோரும் பரிசளிப்பு விழாவுக்குப் போய்விட்டு வந்தார்கள். கேக் கொடுத்தார்கள். நான் தின்றேன்.'

அந்தக் கேக்கை வெட்டினது நான். நீல நிறத்தில் மீன் வடிவம். வால் பக்கத்தை உனக்குக் கொடுத்தேன்.

எந்தச் சீட்டுக்கு நம் வீட்டுக் கேக் தெரியும்?

இது இங்கிலீஷைத் தமிழில் போட்டது இல்லை, இல்லையா? நாற்காலி, சாப்பாடு, மழை, கதவு எல்லாம் உன்னுடையதா? நீ வாயால் சொல்லாததை நான் இத்தனை நாளும் மதிய வெயிலில் உட்கார்ந்துகொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறேனா?

என்னுடையது ஒன்றையும் எழுதிவிடுகிறேன். அன்று காலை குளியலறை வாளியில் படுக்கை விரிப்பு ஊறிக்கொண்டிருந்தது. தண்ணீரின் நிறத்தைப் பார்த்தேன். நான் மூன்று பிள்ளை பெற்றவள். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததா இல்லையா என்று இன்று கேட்டால், பாதி தெரிந்தது. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள உன் கதவைத் தட்டியிருக்க வேண்டும். வாசலில் வண்டி வந்து நின்றுவிட்டது. விழாவுக்கு நேரமாகிவிட்டது. உனக்கு உடம்பு சரியில்லை, படுத்திருக்கட்டும் என்று எல்லோரிடமும் நானே சொன்னேன். தட்டவில்லை.

உள்ளதைச் சொல். நீ வருவாயா?

அத்தை

*

ஏப்ரல் 30

அன்புள்ள அத்தைக்கு,

எல்லாம் என்னுடையதுதான்.

அந்த ஆப்பை நான் தேடிப் பிடித்ததற்கு ஒரே ஒரு காரணம்தான். அதற்கு இணையம் வேண்டாம், கணக்குத் திறக்க வேண்டாம், பெயர்கூடச் சொல்ல வேண்டாம். எழுதுவது போனை விட்டு எங்கேயும் போகாது, வெளியே யாரும் பார்க்க முடியாது என்று போட்டிருந்தது. அது பொய் சொல்லவில்லை. எங்கேயும் போகவில்லை. அதே வீட்டில், அதே மேஜையில், உங்கள் கையிலேயே இருந்துவிட்டது. மற்றதையெல்லாம் அழித்தவள், கடைசிப் பக்கத்தில் இருந்த இதைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். வேண்டுமென்றே விட்டேனோ என்று இப்போது சில சமயம் தோன்றுகிறது. அப்படி இல்லை அத்தை. மறதிதான்.

எதிர்காலம் தெரிய நான் சீட்டு எடுத்ததில்லை. சீட்டு திரும்பினதும், 'உனக்கு என்ன தோன்றுகிறது?' என்று ஒரு கேள்வியும் கீழே ஒரு வெற்றுக் கட்டமும் வரும். எழுதி முடித்ததும் கேள்வி மறைந்து, எழுதினது மட்டும் அந்தச் சீட்டின் கீழே நிற்கும். அந்த வீட்டில் என்னை அப்படிக் கேட்டது அந்தக் கட்டம் ஒன்றுதான்.

நீங்கள் கெட்டவர் என்று அதில் எங்கேயும் எழுதியிருக்க மாட்டேன். நீங்கள் கெட்டவர் இல்லை. நாற்காலியில் உட்காராதே என்று யாரும் சொல்லவில்லை. அதில் கோப்பைகள் இருந்தன, அவ்வளவுதான். எடுத்து வைக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. ஐந்து வருஷம் அடுப்படி மேடையில் சாய்ந்து நின்று சாப்பிட்டேன். கால் வலிப்பதே பழகிவிட்டது.

அன்று அவரிடம் சாயங்காலம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதை மறக்க மாட்டேன். "அம்மாகிட்ட இன்னிக்கு வேணாம், நல்ல நாள்" என்றார். சரி என்றேன். அதற்கப்புறம் நம் வீட்டில் நல்ல நாளாக இல்லாத ஒரு நாள் வரவே இல்லை. யாராவது ஒருவர் எதையாவது ஜெயித்துக்கொண்டே இருந்தார்கள்.

நீங்கள் நேராகக் கேட்டதற்கு நேராகவே பதில். நான் வரமாட்டேன் அத்தை. நானும் அவரும் பிரிந்துவிடுவது என்று போன நவம்பரிலேயே பேசி முடித்துவிட்டோம். சண்டை இல்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் களைத்துப்போனோம். ஆறு மாத வேலை என்று சொன்னது உங்களுக்காக. இது நிரந்தர வேலை. உங்களிடம் சொல்ல அவர் நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரைத் திட்டாதீர்கள். அவருக்கும் அந்த வீட்டில் பேச இடம் கிடைத்ததில்லை.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. நான் இருந்தபோது யாரும் செய்யாததையெல்லாம், நான் போன பிறகு, யாரோ முகம் தெரியாத பெண் என்று நினைத்து நீங்கள் செய்திருக்கிறீர்கள். நாற்காலியைத் தட்டிக் காட்டினேன் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியைப் படித்த அன்று என் கையிலிருந்த வில்லை நழுவிச் சக்கரத்தில் விழுந்து தூளாகிவிட்டது. கோபமா சந்தோஷமா என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பெண் நானாக இருந்திருக்கலாமே என்றுதான் நினைத்தேன். அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அவள் நான்தான் என்பது எனக்குத் தெரியும், இருந்தும்.

இப்போது சொல்லிவிட்டேன். அதை அழித்துவிடுங்கள். இன்னும் நிறைய இருக்கிறது அதில்.

அன்புடன்,
இனி எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று தெரியவில்லை

*

மே 15

அன்புள்ள கண்ணுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை கோபம்தான் வந்தது. இத்தனையும் ஒரு போனிடம் சொல்லத் தெரிந்தவளுக்கு, பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் சொல்லத் தெரியவில்லையா என்று. இரண்டாம் முறை படிக்கும்போது, சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்று யோசித்தேன். கேட்டிருக்க மாட்டேன். மீன்குட்டியின் பதக்கத்தைப் பற்றிச் சொல்லியிருப்பேன். மூன்றாம் முறை எதுவும் யோசிக்கவில்லை.

என் மகன் சொல்லட்டும் என்று காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவன் காய் நறுக்கிக்கொண்டிருந்தான். கடிதத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். உன் கையெழுத்தைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

"ஏன்டா என்கிட்ட சொல்லலே?"

"நீ கேக்கலேம்மா."

"கேக்கலேன்னா சொல்லக் கூடாதா?"

"இந்த வீட்ல யாராவது ஜெயிச்சாத்தானே பேச்சே. தோத்தவன் எந்தப் பக்கம் வந்து சொல்றது?"

அவன் கத்தவில்லை. லிப்டில் எத்தனை பேர் ஏறலாம் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னான். நாற்பது வயதுப் பிள்ளை. அவன் அண்ணனும் அக்காவும் பெற்ற பிள்ளைகளைப் பற்றி இவனிடமே நான் எத்தனை வருஷமாகப் பெருமை அடித்திருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். மீதிக் காயை நான் நறுக்கினேன். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அன்று வெகுநேரம் பேசினான். என்ன பேசினான் என்று உனக்கு எழுத மாட்டேன், அது அவனுடையது. உன்னைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை இல்லை என்று மட்டும் தெரிந்துகொள்.

இனி உன் விஷயம். திரும்பி வா என்று எழுத உட்கார்ந்தேன். எழுதவும் செய்தேன். இனி எப்படியெல்லாம் இருப்பேன், என்னவெல்லாம் மாற்றிவிட்டேன் என்று இரண்டு பக்கம். படித்துப் பார்த்தால் கடைசியில் அதுவும் என் பெருமைதான். கிழித்துவிட்டேன்.

நான் முப்பது வருஷம் தையல் கம்பெனியில் சட்டைகளுக்குக் காஜா போட்டவள். பட்டன் நுழைகிற துளையை முதலில் வெட்டிவிட்டுத்தான் அதைச் சுற்றித் தைப்போம். வெட்டினதை ஒட்ட வைக்க எந்தத் தையலாலும் முடியாது. அதைச் சுற்றி நெருக்கி நெருக்கித் தைத்தால் மேற்கொண்டு பிரியாது. என் கைக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆகவே நீ வர வேண்டாம். வருத்தத்தோடுதான் எழுதுகிறேன், ஆனால் மனசாரத்தான் எழுதுகிறேன். உனக்கு அங்கே ஒரு சக்கரம் இருக்கிறது, மிதக்கிற கட்டில் இருக்கிறது, மாமியாரின் கடிதத்தைக் காதல் கடிதம் என்று நினைக்கிற ஒரு பெரியவர் இருக்கிறார். அங்கேயே இரு. எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று கேட்டிருக்கிறாய். என் மகன் உன்னை விட்டால் என்ன, நீ அவனை விட்டால் என்ன. நான் உன்னை விட்டதாக எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. என்னை அத்தை என்று கூப்பிட உனக்கு இஷ்டம் இருக்கிறவரை நான் அத்தை. இஷ்டம் போய்விட்டால் எழுதாதே, புரிந்துகொள்வேன்.

அந்தப் பிள்ளைக்காக நான் அழுதேன். இத்தனை காலம் கழித்து அழுது யாருக்கு என்ன. இருந்தாலும் உனக்குத் தெரிய வேண்டும். அதற்கும் நான்தான் பாட்டி.

சீட்டை அழித்துவிட்டேன். மொத்தம் எழுபத்தெட்டாம், என் மகன் சொன்னான். நான் பார்த்தது முப்பத்தெட்டு. மீதி நாற்பதையும் படிக்காமலே அழித்தேன். அழிப்பதற்கு முன்னால் விரல் அரித்தது, பொய் சொல்ல மாட்டேன். உனக்கு இந்த வீட்டில் வேறு என்னென்ன வலித்தது என்று தெரிந்துகொண்டால் இன்னும் நாலைந்தையாவது சரி செய்யலாமே என்று ஒரு ஆசை. அப்புறம், அவை உன்னுடையவை என்று விட்டுவிட்டேன். என்றைக்காவது சொல்லத் தோன்றினால் நீயே எழுது. காது சரியில்லாவிட்டாலும் கண் இன்னும் இருக்கிறது.

சீட்டுகள் போன பிறகு மதியத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் போனில் உன் படத்தைத் தேடினேன். ஆயிரத்துக்கும் மேல் படங்கள் இருக்கின்றன. நான்கு நாள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். பெரியவன் இருக்கிறான், மீன்குட்டி இருக்கிறாள், குட்டையன் இருக்கிறான், நான் வாயைப் பிளந்து தூங்குவதுகூட இருக்கிறது. நீ ஒன்றிலும் இல்லை. எப்படி இருப்பாய், எல்லாவற்றையும் எடுத்ததே நீதானே. ஒரு படத்தில் சுவரில் உன் நிழல் விழுந்திருக்கிறது. இன்னொன்றில் குழம்புப் பாத்திரத்தின் பளபளப்பில் விரல்நகம் அளவுக்கு ஒரு முகம், போனைத் தூக்கிப் பிடித்தபடி. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிதாக ஆக முகம் கலைந்து வெறும் புள்ளிகளாகிவிடுகிறது.

ஐந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தவளின் முகம் எனக்கு இப்போது சரியாக நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது. புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு உண்டா, இல்லை அது என் மகளுக்கா?

கண்ணு, புதிதாக ஒரு படம் எடுத்து அனுப்பு. உன் சிநேகிதிகள் யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம், கையில் எதுவும் பிடிக்க வேண்டாம், சிரிக்க வேண்டும் என்றும் இல்லை. வேறு யாரையாவது எடுக்கச் சொல், நீயே எடுத்துக்கொள்ளாதே. போனில் அனுப்பாதே. காகிதத்தில் போட்டு, தபாலில் அனுப்பு.

அத்தை